எட்டு வினாடி முந்தி வந்த சத்தம்

1. திங்கட்கிழமை

டயாலிசிஸ் சென்டரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். கிள்ளானில் ஒரு கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளம், பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு சாய்வு நாற்காலி. புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: திங்கட்கிழமை ஒரு நாற்காலி காலியாக இருந்தால் உடனே போன் போடு.

எங்கள் நோயாளிகளுக்கு வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கிட்னி வேலை செய்யாததால் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். வெள்ளியிலிருந்து திங்கள்வரை இடைவெளி அதிகம். மூன்று கிலோ, நாலு கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு வருவார்கள். அதையும் இறக்காமல் விட்டால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். புதன்கிழமையை விட்டவரைத் திட்டலாம். திங்கட்கிழமையை விட்டவரைத் திட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டுமே.

சாமிநாதன் அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஷிப்பிங் கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக என் நோயாளி. அமைதியானவர், தண்ணீரில் கட்டுப்பாடு உள்ளவர், ஊசி போடும்போது முகம் சுளிக்காதவர். ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு திங்கட்கிழமை காணாமல் போவார். முதல் வருஷம் காய்ச்சல் என்றார், நம்பினேன். அடுத்த வருஷம் போனையே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் மூச்சு வாங்க முடியாமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐ.சி.யூ.வில் ஐந்து நாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அமெரிக்கா புட்பால் மிஸ்ஸி. காலால உதைக்கிற பந்து கூட இல்ல, கையில தூக்கிட்டு ஓடுறாங்க. அதோட ஃபைனல் அங்க ஞாயித்துக்கிழமை சாயந்திரம். நமக்குத் திங்கக்கிழமை காலையிலலா. அதப் பாக்கத்தான் வீட்டுலயே உக்காந்துட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ஆக்சிஜன் மாஸ்க்கையே பிடுங்கியிருப்பேன்.

2. பேரம்

அடுத்த பிப்ரவரி நெருங்கியதும் நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, இந்த வருஷம் ஆட்டத்த இங்கயே போடுறேன். பெரிய டிவி இருக்கு, ஏர்கோன் இருக்கு, காலாட்டிக்கிட்டுப் பாக்கலாம். வருவீங்களா?"

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"வீட்டுலதான் மிஸ்ஸி நல்லா இருக்கும்."

"வீட்டுல நான் இல்லையே. மூச்சு முட்டுனா யாரு பாக்குறது?"

சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்து நாற்காலி லெட்சுமி அக்காவுக்குத் திங்கட்கிழமை காலை சீரியல் மறுஒளிபரப்பு இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். அவரைச் சமாதானப்படுத்தத்தான் எனக்கு ஒரு வாரம் ஆனது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பெருமையாக வீட்டுக்குப் போனேன். அசல் பிரச்சினை என்ன என்றே எனக்குத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

3. பச்சைத் திடல்

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து அன்றைக்கு முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். ஏழேகாலுக்கு அவருக்கு ஊசி போட்டு மெஷினைத் தொடங்கினேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார். போன் போர்வைக்குள் இருந்தது. கமென்டரி கேட்கிறார் என்று விட்டுவிட்டேன்.

டயாலிசிஸ் அறையில் காலை நேரம் வெளியுலக நேரம் இல்லை. திரைச்சீலை மூடியிருக்கும். பன்னிரண்டு பேரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதப்பார்கள். அவர்களுடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். மெஷின்களின் முனகல் மட்டும் கேட்கும். அன்றைக்கு அந்த அரையிருட்டில் டிவி ஒரு பச்சைத் திடலைத் திறந்து வைத்தது. ஹெல்மெட் போட்ட பெரிய பெரிய மனிதர்கள் குனிந்து நின்றார்கள், மோதினார்கள், விழுந்தார்கள், எழுந்து மறுபடியும் குனிந்து நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரும் கண்ணை மூடவில்லை.

எதிர் நாற்காலியில் ஹனிபா பாய் இருந்தார். ஒரு காலத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். "என்னா சாமி இது, அஞ்சு செகண்டு ஓடுறான், அஞ்சு நிமிஷம் நிக்கிறான்?" என்றார்.

"பத்து கெஜம் முன்னாடி போகணும் பாய். அதுக்கு நாலு சான்ஸ். போயிட்டா இன்னும் நாலு சான்ஸ் கிடைக்கும்."

"நமக்கு வாரத்துக்கு மூணுதானே குடுக்குறாங்க" என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவது மணி நேரத்தில் பாய்தான் அதைக் கண்டுபிடித்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, டிவியப் பாக்காதீங்க. சாமி மூஞ்சியப் பாருங்க. பந்து இன்னும் டிவியில அந்த ஆளு கைய விட்டே போகலலா, சாமி சிரிக்கிறான்."

பார்த்தேன். சாமிநாதன் அண்ணன் புன்னகை செய்தார். எட்டு வினாடி கழித்துத் திரையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினான். சற்று நேரத்தில் அண்ணன் "ச்ச்" என்று உதட்டைக் கடித்தார். எட்டு வினாடியில் வெள்ளைச் சட்டையின் பந்து கை தவறி விழுந்தது. அதன் பிறகு அறையில் பாதிப் பேர் டிவியைவிட்டு அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். நடக்கப்போவது ஒருவருக்கு முன்கூட்டியே தெரிகிறது என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு மயக்கம் வந்துவிட்டது. அவரிடம் கேட்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

4. போர்வைக்குள் இருந்த குரல்

பத்தேமுக்காலுக்கு அவர் கொட்டாவி விட்டார். கொட்டாவி வந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். எண்பதுக்கு வந்திருந்தது. மெஷின் அலாரம் அடித்தது. தண்ணீர் எடுப்பதை நிறுத்தினேன், நாற்காலியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினேன், சலைன் ஏற்றினேன். அந்த அவசரத்தில் என் கை பட்டு இயர்போன் வயர் போனிலிருந்து கழன்றது.

போர்வைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. "சாம்? இருக்கியாடா? தூங்கிட்டியா?"

போனை எடுத்தேன். அழைப்பு மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. நம் பக்க மைக் மட்டும் மியூட்டில் இருந்தது. அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "மிஸ்ஸி, மியூட்ட எடுக்காதீங்க, ப்ளீஸ்" என்றார்.

அழுத்தம் மெல்ல ஏறி நூறைத் தாண்டியது. நான் முட்டி போட்டு அவர் காதருகே உட்கார்ந்தேன்.

"யாரு அண்ணே அது?"

"ரிக். அமெரிக்காவுல காலேஜ் ரூம்மேட். பனி கொட்டுற ஊரு மிஸ்ஸி, நாலு வருஷம் ஒரே ரூமு. இந்த ஆட்டத்த எனக்குக் கத்துக் குடுத்ததே அவன்தான். திரும்பி வந்ததுலேர்ந்து ஒரு வருஷம்கூட விடாம போன்ல சேந்து பாக்குறோம். அவன் டிவி நம்ம டிவிக்குக் கொஞ்சம் முந்தி, அவன் கத்துறது எனக்கு முதல்ல கேட்டுரும்."

"அப்புறம் ஏன் மியூட்டு?"

"அவனுக்குத் தெரியாது. கிட்னி போனது, மெஷினு, எதுவுமே தெரியாது. சத்தம் கேட்டா என்னான்னு கேப்பான்ல. அதான் பதிலெல்லாம் மெசேஜ்லயே போடுறேன்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "வருஷத்துல இந்த ஒரு காலையிலதான் நான் இன்னும் அந்த சாமா இருக்கேன்."

இதற்காகத்தான் வீட்டில் இருந்திருக்கிறார். டிவிக்காக இல்லை. இந்த மெஷினின் பீப் சத்தம் ஒருவன் காதில் விழக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் சாகத் துணிந்திருக்கிறார். நான் ஒரு வருஷமாகத் தண்ணீர், உப்பு, நுரையீரல் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அண்ணே, போன வருஷம் நீங்க போயிருந்தா இன்னிக்கு அவரு யாரு கூட பாத்திருப்பாரு?"

போனில் ரிக், "சாம், பேசுடா, கடைசி ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சினார். அண்ணன் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவரே மியூட்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மெஷின் பீப் அடித்தது.

"அது என்ன சத்தம்?"

"டயாலிசிஸ் மெஷின், ரிக். மூணு வருஷமாச்சு."

போன் அமைதியாகிவிட்டது. டிவியில் ஆட்டத்தின் கடைசி வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளைச் சட்டைக்காரன் பந்தை வானத்துக்கு எறிந்தான். எல்லோரும் பழக்கத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தோம், அதில் ஒன்றும் தெரியவில்லை. போனிலிருந்தும் கூச்சல் வரவில்லை. பந்து தனியாகப் பறந்துபோய் ஒருவன் கையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது, திடல் முழுக்கக் காகிதத் துண்டுகள் பனியாகக் கொட்டின. அமெரிக்காவில் ரிக் டிவியைப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடுத்தது எப்போ?"

"புதன். ஆனா திங்கக்கிழமதான் ரொம்ப முக்கியம்."

"அப்போ திங்கக்கிழமை கூப்பிடுறேன்."

5. கேட்க வேண்டிய கேள்வி

கூப்பிட்டார். நான் ஓய்வு பெறும்வரை ஒரு திங்கட்கிழமைகூடத் தவறவில்லை. பேச விஷயமில்லாத நாட்களும் உண்டு. போன் நெஞ்சின் மேல் கிடக்கும், அண்ணன் தூங்குவார், அங்கேயிருந்து ரிக்கின் குறட்டை கேட்கும். லெட்சுமி அக்கா சீரியல் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். சாமிநாதன் அண்ணனின் நாற்காலி அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் காலியாகக் கிடக்கவில்லை.

இளம் நர்ஸ்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒருவர் ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்பார்கள், கார் பழுது என்பார்கள். புது நோயாளி வந்தால் எடை, அழுத்தம், மருந்து எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இத இன்னும் யாருகிட்ட சொல்லல?" என்று கேளுங்கள்.

நான் முதன்முதலாக அப்படிக் கேட்டது ஒரு லோரி டிரைவரிடம். முரட்டு ஆள். சட்டைக் கையை மடித்து விட்டு, ஊசிக்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் மக, மிஸ்ஸி" என்றார். "அடுத்த மாசம் கல்யாணம்."

நான் ஊசித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி பத்து நிமிஷம் பொறுக்கும்.