கடைசி அத்தியாயம்

ஜெர்மன் வகுப்புக்காக, புதிய ஜெர்மன் நாவல் ஒன்றுக்கு நாங்கள் ஒரு நிமிட விளம்பரப் படம் எடுத்தோம். கதையில் ஒரு தாய், ஊரைவிட்டுப் போன மகளுக்காகப் பனிமூட்டத்தில் காத்திருக்கிறாள். அந்தப் பனிக்காகவே மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் தாயாக நடிக்கச் சம்மதித்தார். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. அடிக்கடி கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பார்.

கதையைச் சொல்லி, சாலையைப் பார்க்கச் சொன்னோம். "போதும்க்கா" என்ற பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எம்மவளும் சிங்கப்பூர் போனவதான். கதையில அந்தப் பொண்ணு திரும்பி வந்துருமா, தம்பி?"

எங்களில் யாரும் நாவலைப் பாதிக்கு மேல் படித்திருக்கவில்லை.

"வந்துரும்க்கா," என்றேன்.

"அப்பச் சரி லா."

அன்று அதற்குப் பிறகு அவர் கைப்பேசியை எடுக்கவேயில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் படிக்கவில்லை. பயமாக இருக்கிறது.