ஐஸ் இல்லாமல் வந்த ரத்தம்

ஆஸ்பத்திரி லேப்பில் அவளுக்கு ‘ஐஸ்கட்டி அக்கா’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக ஒரே பாட்டு. லாக்டேட் பார்க்கவேண்டிய ரத்தம் அடைத்த குழாயை ஐஸில் வைக்காமல் கொண்டுவந்தால் நர்ஸ், டாக்டர் என்று பார்க்கமாட்டாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆக்சிஜன் கிடைத்தால் செல் சர்க்கரையை முழுதாக எரித்து முப்பது பங்கு சக்தி எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் பாதியில் நிறுத்திவிடும். தேறுவது இரண்டே பங்கு, யானைப் பசிக்குச் சோளப்பொரி. மிச்சம் லாக்டேட்டாக ரத்தத்தில் சேரும். எண் ஏறினால் உடம்பு ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். இதில் சிவப்பணு இருக்கிறதே, அது தனி ரகம். ஆக்சிஜனை ஊருக்கெல்லாம் சுமக்கும், தான் மட்டும் தொடாது. குழாய்க்குள் போன பிறகும் அதே அரைகுறைப் பிழைப்பை நடத்தி லாக்டேட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஐஸில் வைத்தால்தான் அடங்கும்.

அன்று தீவிர சிகிச்சையில் கிடந்தது அவள் தம்பி. ரத்தத்தில் கிருமி. இரண்டுக்குள் இருக்கவேண்டிய எண் காலையில் ஆறு. “மத்தியானத்துக்குள்ள இறங்கினா பொழைச்சுக்குவார்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மத்தியான ரத்தத்தை அவளே வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. காதில் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தது. லிஃப்டுக்கு நின்றாள். அது வந்து போனதுகூடத் தெரியவில்லை. மெஷின் முன்னால் கையை விரித்தபோதுதான் பார்த்தாள்: குழாய் உள்ளங்கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஒன்பது என்றது மெஷின்.

“என் கைச்சூடுதான்” என்றாள், பக்கத்து மேசையில் இருந்தவரிடம். “ஐஸ் வைக்க மறந்துட்டேன். வேற எடுக்கச் சொல்லுங்க.”

அந்தச் சூடு அரைப் புள்ளிக்கு மேல் ஏற்றாது என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் போனை எடுத்து வார்டைக் கூப்பிட்டார்.

பத்து நிமிடத்தில் வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். போன வாரம் இதே வாசலில் வாங்கிக் கட்டிக்கொண்டவள். கிண்ணம் நிறைய ஐஸ், நடுவில் குழாய்.

“எடுத்த உடனே வெச்சுட்டேன்க்கா. ஒரு நிமிஷம்கூட வெளியில இல்ல.”

ஒன்பது புள்ளி எட்டு.

அவள் எண்ணைப் பதிவுசெய்யவில்லை. திருப்பி அனுப்ப ஏதாவது குறை கிடைக்காதா என்று கிண்ணத்துக்குள் விரல்களை விட்டுத் துழாவினாள். ஐஸ் கொஞ்சம்கூட உருகியிருக்கவில்லை.