பர்ஜோர் சாரின் இடுப்புக் கயிறு

வாசலில் தண்ணீர் லாரிக்காரர் கத்திக்கொண்டிருக்கிறார். பர்ஜோர் சார் உள்ளே நின்று இடுப்புக் கயிற்றை அவிழ்க்கிறார். முகம் கை கால் கழுவி, தலையில் தொப்பி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி, ஆட்டு ரோமத்தில் நெய்த அந்த வெள்ளைக் கயிற்றை மந்திரம் முணுமுணுத்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் பதில் வரும். அதற்குள் சண்டைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அலுத்துப் போய்விடுவார்கள்.

பார்சிக்காரர். குஜராத் பக்கம் நவ்சாரியிலிருந்து ராஜபாளையத்து மில்லுக்கு மிஷின் மாட்ட வந்தவர், ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எனக்கு எதிர்வீடு. எங்கள் ஊர்ப் பேச்சில் என்னையே தோற்கடிப்பார்.

"எங்க சாமி மொதல்ல படைச்சதே நல்ல மனசத்தான்யா. வோகு மனான்னு பேரு. மனசு நேராயிட்டா வாயும் கையும் பொறவு தானா நேராகும். ஆடு மாடு அம்புட்டுக்கும் அதுதான் காவல்."

அந்த நல்ல மனசுக்கென்றே அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு மாதம் உண்டு. மாதம் முழுக்கச் சார் கறி தொடமாட்டார். சரி, அது அவர் பாடு. அவருடைய நாய் மோத்திக்கும் தயிர்ச்சோறுதான்! வேட்டைக்குப் பிறந்த ராஜபாளையம் நாய் தயிர்ச்சோற்றைத் தின்றுகொண்டு எத்தனை நாள் சும்மா இருக்கும்? பின்வீட்டுத் தனுஷ்கோடியின் கோழிகளைப் பிடித்துத் தின்றது.

தனுஷ்கோடி பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். "ஒங்க விரதத்துக்கு எங்கோழியா சார் கெடைச்சுது?" என்று மதில் ஏறிக் கத்துவார். சார் கயிறு கட்டிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்பார். நாய்க்குக் கறி மட்டும் போடமாட்டார்.

போன ஆனியில் ஒரு காலை, மோத்தி கேட்டருகே நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. மூக்கெல்லாம் பால்.

"நாந்தான் வச்சேன். பால்ல பூச்சிமருந்து" என்றார் தனுஷ்கோடி, மதிலுக்கு மேலே தலையை நீட்டி. பால் ஊற்றிப் பிழைக்கிற மனிதன், பாலிலேயா விஷம் கலப்பான்? அதையும் வெட்கமில்லாமல் சொல்வானா?

சார் மோத்தியைத் தூக்கித் தன் வேனில் கிடத்தினார். "மாட்டாஸ்பத்திரில அறுத்துப் பாக்கட்டும். அங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கயிறு கட்ட உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சுற்றினார்; முடிச்சு விழவில்லை. அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"வரமாட்டேங்குது. மனசு வரமாட்டேங்குதுய்யா."

அப்போது வாசலில் அலறல். தனுஷ்கோடி கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அதன் வாயிலும் நுரை. "சார், கயித்தை அத்துட்டுப் போயி மிச்சப் பாலைக் குடிச்சிருச்சு சார். கொட்ட மறந்துட்டேன். வண்டி எடுங்க சார், செத்துரும்!"

என்ன நெஞ்சழுத்தம்! ஓங்கி ஓர் அறை விடலாமென்று இருந்தது எனக்கு.

சார் வெளியே வந்தார். முடிச்சிடாத கயிறு தோளில் தொங்கியது. தனுஷ்கோடியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே மோத்தி கால் நீட்டிக் கிடந்தது; கன்றுக்கு இடமில்லை.

குனிந்து, நாயின் முதுகுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படுடா, மோத்தி."