மாஸ்டர் கொடுத்த வெயில்

கண்டியில் என் மகள் படித்த பாடசாலையின் விளையாட்டு மாஸ்டர் விறைப்பான மனிதர். வெள்ளைத் தொப்பி, கசங்காத சட்டை. யாரோடு பேசினாலும் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். பருமனான பிள்ளைகளை அவர் மைதானத்தில் இறக்குவதில்லை. விளையாட்டு நேரம் முழுக்க வகுப்பறையில் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் வைப்பார். ஒன்பது வயதான என் மகளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

கால் வலிக்கிறது என்று அழுதவளை டொக்டரிடம் காட்டினேன். ரத்தத்தில் விட்டமின் டி குறைவு என்றார்.

"உடம்புல கொழுப்பு கூடினா விட்டமின் அதுக்குள்ளேயே தங்கிடும். பிள்ளை வெயில்ல ஓடி விளையாடட்டும்."

அதை மாஸ்டரிடம் சொன்னேன். விசில் சுற்றுவது நிற்கவில்லை.

"இவ ஓடினா மத்த பிள்ளைங்க ஓடாதுங்க, நின்னு சிரிக்கும். வெயில்தானே வேணும்? அதுக்கு நான் பொறுப்பு."

மறுவாரம் அவளை அழைத்துவரச் சற்று முந்திப் போனேன். பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில், உச்சி வெயிலில், என் மகள் மட்டும் அசையாமல் நின்றாள். மாஸ்டர் மர நிழலிலிருந்து என்னை அழைத்தார்.

"பாத்தீங்களா, டொக்டர் சொன்ன மருந்த ஒரு நாளும் தவறாம குடுக்கிறேன்."

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நான் நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார்.