செத்தவீட்டில் எடுத்த தேர்தல் கணக்கு

1. ஆசிரியருக்கு ஓர் இலக்கம் தேவைப்பட்டது

பாராளுமன்றம் கலைந்த மறுநாள் காலை, கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் பாராளுமன்ற நிருபர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது.

"எல்லாப் பேப்பரும் ஆர் வெல்லுவினம் எண்டு போடுவாங்கள். நாங்கள் ஆர் கேக்கமாட்டினம் எண்டு போடுவம். எங்கட சனம் பாக்கிற எம்பிமாரில எத்தினை பேர் இந்தமுறை எலெக்‌ஷன் கேக்காமல் விடுவினம்? எனக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு இலக்கம் வேணும்."

எங்கள் செய்திப் பிரிவில் மற்ற நிருபர்கள் உடனே ரெலிபோனை எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. எம்பியிடம் "தேர்தல் கேட்பீர்களா", அதாவது போட்டியிடுவீர்களா, என்று கேட்பது சுத்த மடைத்தனம். எல்லோருக்கும் ஒரே பதில்தான் இருந்தது: மக்களைக் கேட்டு முடிவெடுப்பேன். எந்த மக்களை? அந்த ஐந்து வருடத்தில் அவர்கள் மக்களிடம் கேட்டதாக எனக்கு ஒரு விஷயமும் நினைவில்லை. சோதிடம் சொல்லும் சாத்திரியைக் கேட்டார்கள், மச்சானைக் கேட்டார்கள். கட்சித் தலைவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அரை நாள் நின்றார்கள். தோற்றுப்போவோம் என்று தெரிந்த பிறகு "இளையவர்களுக்கு வழிவிடுகிறேன்" என்று அறிக்கை விட்டார்கள். அந்த இளையவர் அநேகமாகத் தங்கள் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார்.

2. என் முறை

நான் வேறு வழி வைத்திருந்தேன். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பாராளுமன்றத்திலிருந்து திரும்பும்போது பொரளையில் இறங்குவேன். அங்கே உள்ள மலர்ச்சாலைகளில், அதாவது பிரேதங்களை அஞ்சலிக்கு வைக்கிற இடங்களில், வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு சுற்று வருவேன். நெருங்கிய சொந்தக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய், மலர்வளையங்களில் கட்டியிருக்கும் ரிப்பன்களை வாசிப்பேன். எந்த எம்பியின் பெயர் இருக்கிறது, எவருடையது இல்லை என்று கொப்பியில் குறிப்பேன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கட்டும் அனுதாபப் பதாகைகளையும் விடமாட்டேன்.

திரும்பத் தேர்தல் கேட்கப்போகிற எம்பி ஒரு செத்தவீட்டையும் தவறவிடமாட்டான். செத்தவரைக் கண்டே இருக்கமாட்டான், ஆனால் வளையம் வந்துவிடும். கேட்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தவன் முதலில் நிறுத்துவது அந்தப் பூவைத்தான். மனைவிக்குக்கூடப் பிறகுதான் சொல்வான். பொரளை மயானத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த சிங்களவர் ஒருநாள் என்னிடம் ஓர் எம்பியைப் பற்றி "மாத்தயா மல் நவத்துவா" என்றார். ஐயா பூவை நிறுத்திவிட்டாராம். மூன்று வாரம் கழித்து அந்த ஐயா அரசியலிலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். அன்றிலிருந்து எனக்கு என் கொப்பியில் பெரிய நம்பிக்கை.

கொப்பியைப் பார்த்துப் பதினொரு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை முன்பக்கத்தில் வந்தது. பெயர் போடவில்லை, இலக்கம் மட்டும்.

3. சாந்தினி

அன்று மத்தியானம் சாந்தினி ரெலிபோன் எடுத்தார். ஓர் எம்பியின் பிரத்தியேகச் செயலாளர். பதினான்கு வருடம் அந்த மனிதருக்குக் கடிதம் அடித்து, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, அவர் வாக்குக் கொடுத்து மறந்ததற்கெல்லாம் சனத்திடம் ஏச்சு வாங்கியவர். எம்பி போனால் அவருடைய வேலையும் அன்றே போகும். வெள்ளவத்தையில் வாடகை வீடு, நோயாளித் தாய், ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்கிற மகள். புருஷன் இல்லை.

ஒரு தனியார் பாடசாலை தன்னை அலுவலக நிர்வாகத்துக்குக் கேட்கிறது என்றும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். எம்பியிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் போகிறாராம். பதினான்கு வருடம் இருந்த இடத்தைத் தேர்தல் நேரத்தில் விட்டுப் போவதும் சரியாகப் படவில்லையாம்.

"அண்ணை, எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்கட பதினொரு பேரில எங்கட சேர் இருக்கிறாரோ?"

கொப்பியைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே ஒரு இடமும் வெறுமையாக இல்லை. மூன்று மாதமாக ஒரு செத்தவீடும் தவறவில்லை. மற்றவர்களைவிட அவருடைய வளையங்கள்தான் கூட.

"இல்லை, அவர் கட்டாயம் கேப்பார்," என்றேன்.

"எப்பிடி அவ்வளவு உறுதியாச் சொல்லுறியள்?"

"அது எங்கட தொழில், பிள்ளை."

அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அறையலாம் போலிருக்கிறது. சரி அண்ணை, பெரிய உதவி என்று சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை பாடசாலைக்கு ரெலிபோன் எடுத்து, வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

4. ஒன்றுதானே

வேட்புமனு முடிகிற நாள் மாவட்டச் செயலகத்தில் நின்றேன். பன்னிரண்டு மணிக்குக் கதவை மூடினார்கள். சாந்தினியின் எம்பி வரவில்லை. அவருடைய இடத்தில் தமக்கையின் மகன் கையெழுத்து வைத்திருந்தான். பின்னேரம் அறிக்கை வந்தது: இளையவர்களுக்கு வழிவிடுகிறாராம். விசாரித்தால், இரண்டு மாதத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார். மெல்பேர்னில் இருக்கிற மகளிடம் போக டிக்கெட்டும் போட்டிருந்தார். செயலாளருக்குச் சொன்னால் வெளியே கசிந்துவிடும் என்று சொல்லவில்லையாம். கசியாமல் பாதுகாக்க அந்த மனிதரிடம் இருந்த ஒரே அரச இரகசியம் அதுதான்.

தேர்தல் கேட்காதவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். ஆசிரியர் என் தோளில் தட்டினார். "ஒண்டுதானே பிழை. மற்றப் பேப்பர்காரர் கிட்டவும் வரேல்லை."

நான் வெள்ளவத்தைக்குப் போனேன். சாந்தினி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாடசாலைக்குத் திரும்ப எடுத்தாராம், வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்களாம். நான் மலர்வளையக் கதையைச் சொல்லி, அதை நம்பித்தான் சொன்னேன் என்றேன்.

"அந்த வளையம் எல்லாம் நான் அனுப்பினது, அண்ணை."

நிறுத்தச் சொல்லி எம்பி சொல்லவில்லை. அவருக்கு அதெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை. சாந்தினி வழக்கம்போலத் தினமும் காலையில் எங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து, பெயர்களைக் குறித்து, பூக்கடைக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். சேர் மறந்தாலும் சனம் கோபிக்கக்கூடாது என்று, முன்பைவிடக் கவனமாக. நான் மூன்று மாதம் எம்பியின் மனதை அளக்கிறேன் என்று நினைத்து, இந்தப் பெண் ஒழுங்காக வேலை செய்வதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு அதையே ஆதாரமாக வைத்து அவருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறேன்.

"எப்பிடித் தெரியும் எண்டு கேட்டனான்," என்றார். "அப்பவே வளையம் எண்டு சொல்லியிருந்தா, நானே உங்களுக்குச் சொல்லியிருப்பன்."

இப்போது அவர் களுபோவிலவில் ஒரு மருந்துக்கடையில் நின்று வேலை செய்கிறார். எம்பி மெல்பேர்னிலிருந்து பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார் என்று கேள்வி.

நிருபர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எம்பியின் பெயரில் நடக்கிற எதையும் எம்பி செய்தது என்று எழுதாதே. யார் செய்தது என்று கேள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டால், தொழில் ரகசியம் என்று பெரிய ஆள் விளையாட்டுக் காட்டாமல் சொல்லிவிடு. பிழையைத் திருத்தக்கூடிய ஆள் அவளாகவே இருக்கலாம்.

ஓய்வு பெற்ற அன்று ஆசிரியர் என்னைப் புகழ்ந்து பேசினார். ஒன்றே ஒன்றால்தான் பிழையாய்ப் போனது என்று அந்த இலக்கத்தையும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் எழும்பி நின்று கும்பிட்டேன். அந்த ஒன்றின் பெயர் சாந்தினி என்று அங்கே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.