காய்ந்த குழாயை மூடியவர்

போன ஆண்டு செஞ்சியில் எங்கள் தெருவுக்கு அரசுக் கணக்கெடுப்புக்காக வந்தவர் அவர். வெயிலில் கறுத்த முகம், தோளில் துணிப்பை, கையில் செல்போன். "வீட்ல குழாய் இருக்குதா?" என்று கேட்டவர், தானே போய் அதைத் திறந்து, கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். காற்றுதான் வந்தது.

"தண்ணி வர்லன்னு எழுதிக்குங்க சார்," என்றேன்.

"இந்தப் போன்ல வர்ற படிவத்துல அந்தக் கேள்வியே இல்லம்மா. சேக்கச் சொல்லி எழுதிப் போட்டோம். மேல ஒப்புதல் குடுக்கல."

"அப்புறம் இன்னாத்துக்குத் தொறந்து பாக்குறீங்க?"

அவர் சொட்டுக்கூட வராத குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனார்.

இந்த ஆண்டும் அவரே வந்தார். குழாய்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "குழாய் இருக்குதில்லம்மா?" என்றார், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தக் கை இன்னொரு முறை நீளும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். பிறகு, "இருக்குது சார்," என்றேன்.