அரைப் பேர்

ஹேவாஹெட்டவில் மழை விடவில்லை. கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். சரசு அக்கா ஜன்னல் வழியாகத் துணிப்பொதியை நீட்டுகிறார். தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் இடுப்பில் கட்டிய படங்குத் துணிகளை ஒட்டுப்போட்டு, மேலே மலையையும் லயன் வீடுகளையும் நூலால் தைத்திருக்கிறார். கொழும்பில் நான் நடத்தும் கலைக்கூடத்தின் அடுத்த கண்காட்சி இதிலிருந்துதான் தொடங்கப்போகிறது. கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசிகூடக் கேட்காமல் என்னை நம்பித் தருகிறாரே என்று நெஞ்சு நிறைகிறது.

"இதுக்குப் பக்கத்துலயே உங்க பேர் போடுவோம், அக்கா."

அவர் நெற்றி சுருங்குகிறது. "முழுப் பேரா, அரைப் பேரா மிஸ்?"

எனக்குப் புரியச் சற்று நேரமாகிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான். இருபது வருடமாகக் கலைஞர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டிவருகிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அந்தப் பேர் இல்ல அக்கா. இத செஞ்சது நீங்கன்னு உங்க பெயர எழுதுவோம்."

பஸ் நகர்கிறது. அவர் மழையில் கூடவே நடந்துவருகிறார்.

"அப்ப சரசுன்னு போட்டுறாதீங்க மிஸ். அது அரைப் பேரு. சரஸ்வதி."